தட்டிப் பாத்து வாங்கணும்

படத்த நம்பாதீங்க தம்பி. ஆமா, நீங்க கையில வச்சிருக்கீங்களே, அதே ஹோட்டலத்தான் சொல்றேன். கோவிச்சுக்காதீங்க, ஒங்க ஃபோன எட்டிப் பாக்கணும்னு பாக்கல. மொனராகலையில பஸ் ஏறுனதுலயிருந்து அந்த நீச்சல் குளத்த பெருசாக்குறதும் சின்னதாக்குறதுமாவே இருக்கீங்க, பக்கத்து சீட்டுல இருக்கவன் கண்ணுல படாம என்ன செய்யும்? நான் அங்கயிருந்துதான் வாறேன். நெசமாத்தான். இன்னைக்கு பகல் பன்னெண்டு மணி வரைக்கும் அந்த ஹோட்டல்லதான் இருந்தேன். நம்பலன்னா இந்தா, இந்த சவர்க்காரத்த பாருங்க, ஹோட்டல் பேரு அடிச்சிருக்கு.

பாத்தீங்களா, ஒடனே நம்பிட்டீங்க. ஒரு சவர்க்காரக் கட்டிய காட்டுனா போதுமா? இத நான் வேற யார்கிட்டயாவது வாங்கியிருக்கலாமில்ல? அப்பிடி லேசுல நம்பிரக் கூடாது தம்பி.

பேரு என்னன்னீங்க? ஷிராஸ். பதுளையில மாமியார் வீடா, நல்லது. வர்ற மாசம் கல்யாணமாகி ஒரு வருஷம், வீட்டுக்காரிய கடலுக்கு கூட்டிட்டுப் போகணும், அவ்வளவு சல்லி குடுக்க அந்த எடம் பெறுமதியா, அதானே கேக்குறீங்க? சொல்றேன். பதுளைக்கு இன்னும் ரெண்டு மணித்தியாலம் இருக்கு.

நான் ஜெயராசா. பதுளை பஜார்ல பித்தளைப் பாத்திரக் கடை. குத்துவிளக்கு, குடம், தாம்பாளம், பூசைச் சாமான். முப்பத்தொரு வருஷ யாவாரம். எந்தச் சாமானா இருந்தாலும் வெரல மடக்கி ஒரு தட்டு தட்டுனா சொல்லிருவேன், இது பித்தளை, இது வெறும் பூச்சு, இது ஒட்டுப் போட்டதுன்னு. கண்ணு ஏமாந்துரும், காது ஏமாறாது. அதனால அங்க ரூமுக்குப் போன ஒடனே எல்லாத்தையும் தட்டிப் பாத்தேன். சிரிக்காதீங்க. குளிக்கிற எடத்துல குழாய் தங்கமா மின்னுது. தட்டுனா டொக்குங்குது. பித்தளைகூட இல்ல, தகரத்துக்கு மேல பூச்சு. எழுபத்தெட்டாயிரம் ரூபா வாங்குறாங்க ஒரு நாளைக்கு. அது ரெண்டு பேருக்காம். நான் ஒத்த ஆளுதானே, பாதி வாங்கிக்கங்கன்னேன். அந்தப் பொண்ணு சிரிச்சுகிட்டே, சார் ரூமுக்குத்தான் காசு, ஆளுக்கு இல்லன்னுச்சு. சிரிச்சுகிட்டே சொன்னா கொறையுமா?

போன ஒடனே எளநீர் குடுத்தாங்க. எவ்வளவுன்னு கேட்டேன். சும்மாதானாம். சும்மான்னு ஒருத்தன் சொன்னா நான் மொதல்ல எஞ் சட்டைப் பையத்தான் தொட்டுப் பாப்பேன். என்ன? இப்பவும் தொட்டுத் தொட்டு பாக்குறேனா? அது ஒன்னுமில்ல, பையில ஒரு பொட்டலம். கடை சாமான். அத விடுங்க.

கட்டில்ல துவாய மடிச்சு ரெண்டு அன்னம் செஞ்சு வச்சிருக்காங்க, மூக்கும் மூக்கும் முட்டிகிட்டு. ஒத்த ஆளுக்கு எதுக்கு ரெண்டு? ஒன்ன எடுத்து நாற்காலியில வச்சேன். கொஞ்ச நேரங் கழிச்சு பாத்தா பாவமா இருந்துச்சு, திரும்ப பக்கத்துலயே வச்சிட்டேன். பல்லு வெளக்குற பிரஷ் ரெண்டு, செருப்பு ரெண்டு சோடி. எல்லாத்தையும் எடுத்துகிட்டு வந்துட்டேன். திருட்டில்ல தம்பி, கேட்டுட்டுத்தான் எடுத்தேன்.

தேத்தண்ணி ஒரு கோப்பை தொள்ளாயிரம். என்ன தேத்தண்ணின்னு கேட்டா ஊவாவாம். நம்ம மலையில நம்ம ஜனம் பறிச்சு அனுப்புன கொழுந்து! பக்கத்துல சின்னதா ஒரு மணல் கடிகாரத்த வேற வைக்கிறாங்க. மணல் கொட்டி முடிஞ்ச பொறகுதான் ஊத்தணுமாம். தேத்தண்ணி குடிக்கிறதுக்கு எனக்கு நேரங் குறிச்சுக் குடுக்குறாங்க.

கடலா? கடலப் பத்தி பொய் சொல்லக் கூடாது. படத்துல இருக்க மாதிரியேதான் இருக்கு. அதுவும் எனக்கு ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. படத்துல இருக்கது அப்பிடியே நேர்லயும் இருந்தா, எங்கயோ வேற எடத்துல ஓட்டை இருக்கணுமேன்னு தோணுது. எம் புத்தி அப்பிடி ஆயிப் போச்சு.

நல்லாக் கேட்டீங்க. இவ்வளவு சந்தேகப்படுறவன் தனியா எதுக்குப் போனேன்? எம் பொண்டாட்டிக்கே தெரியாது. மட்டக்களப்புக்கு சரக்கு பாக்கப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன். நான் போனது கடலுக்கு இல்ல தம்பி. மாப்பிள்ளைய பாக்க.

எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க. சின்னவ மேனுஷா. அவளுக்கு தரகர் ஒரு எடம் கொண்டாந்தாரு. பையன் பேரு இந்திரஜித், கொஸ்லந்த தேயிலைத் தோட்டத்துப் புள்ள. கடலோரத்துல பெரிய ஹோட்டல்ல மேனேஜர்னு சொன்னாரு. படமும் குடுத்தாரு. கோட்டு போட்டு நிக்கிறான், பின்னால தண்ணி பீச்சியடிக்குது, இப்ப ஒங்க ஃபோன்ல இருக்கே, அதே எடந்தான். வீட்டுல எல்லாருக்கும் புடிச்சுப் போச்சு. எனக்கு அந்தக் கோட்டப் பாத்த ஒடனே சந்தேகம் வந்துருச்சு. மூத்தவளுக்கும் இப்பிடித்தான் படம் காட்டுனாங்க. 

கொஸ்லந்தைக்குப் போயி விசாரிக்காம இருப்பனா? போனேன். தோட்டத்து ஆளுங்க இருக்க லயத்துல நாலு வீட்டுல கேட்டேன், தங்கமான புள்ளைன்னாங்க. மூத்தவ விசயத்துலயும் நாலு பேரு அதத்தானே சொன்னாங்க. ஹோட்டலுக்கு ஃபோன் பண்ணுனேன். வேலை செய்றவங்க விவரமெல்லாம் சொல்ல மாட்டோம்னு வச்சிட்டாங்க. நேர்ல போனேன், கேட்டுலயே மறிச்சிட்டான். தங்குற ஆளுங்கதான் உள்ள போகலாமாம். சரி, அப்ப தங்குற ஆளாவே போயிருவோம்னு முடிவாச்சு. யாரு முடிவு பண்ணுனதுன்னு அப்புறம் சொல்றேன்.

உள்ள போயி மொதல் வேலையா மேனேஜர பாக்கணும்னேன். வந்தவரு ஒரு சிங்கள ஐயா, தல நரைச்சவரு. இன்னும் ரெண்டு பேரு இருக்காங்களாம், ரெண்டு பேருலயும் நம்மாளு இல்ல. எனக்கு நெஞ்சு ரெண்டா ஒடைஞ்ச மாதிரி இருந்துச்சு. இன்னொரு பக்கம், புடிச்சிட்டேன்டான்னு சந்தோசமாவும் இருந்துச்சு. மறைக்காம சொல்றேன், சந்தோசந்தான் கூட.

இன்னைக்கு காலையில சாப்பாட்டுக்குப் போறேன். ஒரு மூலையில அடுப்ப வச்சுகிட்டு, வெள்ளைத் தொப்பி போட்டு ஒருத்தன் முட்டை பொரிக்கிறான். வலது புருவத்துல ஒரு வெட்டுத் தழும்பு. படத்துல இருந்த அதே தழும்பு. பக்கத்துல போயி நின்னேன். என்னைய அவன் பாத்ததே இல்ல. ஒன்னுந் தெரியாதவன் மாதிரி கேட்டேன், தம்பி, இங்க கொஸ்லந்த இந்திரஜித்னு ஒரு மேனேஜர் இருக்காராமேன்னு.

அவன் முட்டைய பெரட்டிப் போட்டான். அப்பிடி மேனேஜர் யாரும் இல்லங்க ஐயா, இந்திரஜித் நான்தான், முட்டை பொரிக்கிறேன், காலைச் சாப்பாடு என் பொறுப்புன்னான். தரகர் அப்பிடிச் சொல்லிகிட்டு திரியிறாராம், அந்தப் படம் ஹோட்டல் விசேசத்துக்கு எல்லாருக்கும் கோட்டு குடுத்தப்ப எடுத்ததாம். பொண்ணுகிட்ட உண்மைய சொல்லிட்டேங்க ஐயான்னான்.

அங்கதான் எனக்கு சுருக்குன்னுச்சு. எந்தப் பொண்ணுகிட்ட? எங்க வீட்டுல யாருகிட்டயும் சொல்லலியே! அப்ப வேற ஒரு பொண்ணு இருக்கு. முட்டைய வாங்கிகிட்டு வந்து ஒக்காந்தேன், ஒரு வாய்க்கு மேல சாப்புடல. நல்ல முட்டை தம்பி, வெங்காயம் பச்ச மொளகாய் எல்லாம் பொடிசா வெட்டிப் போட்டிருந்தான். அப்பிடியே தட்டுல விட்டுட்டு எழும்பிட்டேன்.

பத்தரைக்கு அவன் வேலை முடிஞ்சு குசினிக்குப் பின்னால போனான். நானும் போனேன். துவாய் காயப் போட்டிருந்தாங்க, அதுக்குப் பின்னால நின்னேன். இந்த வயசுல, இந்த ஒடம்ப வச்சுகிட்டு. அவன் ஃபோன்ல கதைக்கிறான். மெதுவாத்தான் கதைக்கிறான், ஆனா கேக்குது. யாரோ ஒரு பெரியவரு மேனேஜர்னு கேட்டு வந்தாரு, எனக்கு வெக்கமா போச்சு, நீ இன்னும் அப்பாகிட்ட சொல்லலியா, இன்னைக்கே சொல்லிரு, முட்டை பொரிக்கிறவன் வேணாம்னா வேணாம்னு சொல்லட்டும், பொய் சொல்லி தாலி கட்ட மாட்டேன்னான்.

ஆகா, புடிச்சாச்சுன்னு எம் ஃபோன எடுத்து மேனுஷாவுக்கு அடிச்சேன். ஒனக்குப் பாத்த மாப்பிள்ளை இன்னொருத்திகூட கதைச்சுகிட்டு நிக்கிறாம்மான்னு சொல்லணும். அவ ஃபோன் வேற ஒருத்தரோட கதைச்சுகிட்டு இருக்குன்னு சொல்லுது. திரும்ப அடிச்சேன், அதேதான். இவன் ஃபோன வச்சான். நான் அடிச்சேன். ஒடனே எடுத்துட்டா, என்னப்பான்னா.

நல்லா சிரிங்க. நானே சிரிச்சிட்டேன். நான் எங்கயோ போயி பொய்யத் தேடுறேன், அது எங் கடைக்கு மேல் மாடியில, எங்க வீட்டுலயே ஒக்காந்திருக்கு. ரெண்டு மாசமா தெரியுமாம் அவளுக்கு. சொன்னா நீங்க வேணாம்னுருவீங்கன்னு சொல்லலியாம்.

என்ன கேட்டீங்க, சாப்பாடு ஹலாலா? போர்டு வச்சிருந்தாங்க. போர்ட நம்பாதீங்க. காலையில அந்த முட்டை அடுப்புகிட்ட போயி, புருவத்துல தழும்பு இருக்கவன்கிட்ட கேளுங்க. எது சாப்புடலாம், எது கூடாதுன்னு சொல்லுவான். அவன் பொய் சொல்ல மாட்டான்.

ஏன் அப்பிடிப் பாக்குறீங்க? ஆமா, நான்தான் சொன்னேன். சொல்லிட்டேன் பாருங்க, எம் வாயாலயே.

புடிச்சிருச்சுதான். தோட்டத்துப் புள்ளைன்னா என்ன, எங்க தாத்தாவும் லயத்துலயிருந்து எறங்கி வந்தவருதான். முட்டை பொரிச்சா என்ன. ஆனா பயமா இருக்கு தம்பி. பசறை தாண்டுனதுலயிருந்து இந்தச் சட்டைப் பைய விட்டு கைய எடுக்கல. பஸ் ஸ்டாண்டுல மூத்தவ கிருஷாந்தி நிப்பா. என்னப்பா, குடுக்கலாமான்னு அவ கேப்பா, நான் ஆமான்னு சொல்லணும். போன தடவையும் ஆமான்னுதானே சொன்னேன்.

அவளுக்குப் பாத்தவன் கொழும்புல ஃபோன் கடை வச்சிருக்கான்னாங்க. கடைப் படம் காட்டுனாங்க, போர்டுல அவன் பேரு. கடைய ஒரு நாள் மூடிட்டு கொழும்புக்கு ஒரு நடை போயி பாத்திருக்கலாம். போகல. விசேச மாசம், யாவாரம் போயிருமேன்னு போகல. அந்தக் கடை அவனோடது இல்ல. அவனுக்கு ஏற்கனவே ஒரு பொண்டாட்டியும் ஒரு புள்ளையும். பதினாலு மாசத்துல ஒரு பையோட வந்து எறங்குனா எம் பொண்ணு. மூனு வருஷம் ஆச்சு. சோறு போடுறா, கடையில ஒத்தாசை பண்றா, ஏம்பா நீங்க போயி பாக்கலன்னு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கேட்டிருந்தா எனக்கு கொஞ்சம் லேசா இருந்திருக்கும்.

அவதான் ஹோட்டலுக்குப் போங்கன்னா. ஃபோன்ல ரூம் போட்டதும் அவதான். எழுபத்தெட்டாயிரமா, வேணாம்மான்னேன். ஒங்க சல்லி இல்லப்பா, என் சல்லி, தங்கச்சிக்காக ஒரு தடவை போயி பாத்துட்டு வாங்கன்னா.

எங்கயிருந்து அவளுக்கு சல்லின்னு நானும் கேக்கல. போன வாரம் அவ தாலியையும் கொடியையும் எடுத்துகிட்டு நகைக் கடைக்குப் போயிருக்கா. ரெண்டையும் ஒரசிப் பாத்திருக்காங்க. கொடி தங்கம், அது நான் செஞ்சு போட்டது. அத வித்த சல்லியிலதான் எனக்கு அந்தக் கட்டிலு, அந்த அன்னம், அந்தக் கடலு எல்லாம். தாலி அவன் வீட்டுலயிருந்து வந்தது. அத நகைக் கடையில எடுக்கல, திருப்பிக் குடுத்துட்டாங்க. நேரா எங் கடைக்கு வந்தா. தராசுத் தட்டுல வச்சா. அப்பா, இது ஒங்க கடை சாமான், நீங்களே வச்சுக்கங்கன்னா. கோவமா சொல்லல தம்பி. கோவமா சொல்லியிருந்தாலும் தேவல.

ஆமா, இந்தப் பொட்டலந்தான். பித்தளை.

அந்தா நிக்கிறா பாருங்க, பச்சை சேலை, அவதான். நீங்க எறங்குங்க, பைய மறந்துராதீங்க. பெறுமதியான்னு கேட்டீங்களே, கூட்டிட்டுப் போங்க தம்பி, நல்ல கடலு.

எனக்குத்தான் மூத்தவ கல்யாண நாள் மனசவிட்டுப் போகல. முகூர்த்தத்துல தாலிய தாம்பாளத்துல வச்சு, எல்லாரும் தொட்டுக் கும்புடணும்னு ஒவ்வொருத்தர்கிட்டயா கொண்டாருவாங்க. எங்கிட்டயும் கொண்டாந்தாங்க. தாம்பாளம் எங் கடையிலயிருந்து போனது. அதத் தட்டிப் பாத்துத்தான் எடுத்துக் குடுத்தேன். தாலிய தொட்டுக் கும்புட்டுட்டு அனுப்பிட்டேன்.