இரண்டு பஞ்சாங்கமும் ஒத்துக்கொண்ட நாள்

"தங்கச்சி, அக்கா ஏன் எல்லாத்தையும் நாளைக்கு, நாளைக்கு எண்டு தள்ளிப்போடுறா?" என்று ஒருமுறை என்னிடம் கேட்டீர்கள், அத்தான். அக்கா குளித்துக்கொண்டிருந்தாள். ஜேர்மனியிலிருந்து நீங்கள் எடுத்த வீடியோ அழைப்புக்குப் பதில் சொல்ல என்னைத் தவிர வேறு ஆள் இருக்கவில்லை. "தெரியாது அத்தான்" என்று சொல்லிவிட்டு, வெட்கத்தில் கைபேசியை மா அரித்த சுளகிலே கவிழ்த்து வைத்துவிட்டேன். அக்கா வரும்வரை நீங்கள் அரிசி மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பீர்கள்.

அதற்கு முன் என்னிடம் யாரும் ஏன் என்று கேட்டதில்லை. எங்கே, எவ்வளவு, இன்னும் முடியவில்லையா என்றுதான் கேட்பார்கள். உங்கள் கேள்வி என்னை ஊஞ்சலில் தள்ளிவிட்டதுபோல இருந்தது. அன்றிலிருந்து பதிலை யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். இப்போது முழுவதையும் சொல்கிறேன். கொப்பியில் எழுதும்போது மட்டும் எனக்கு வாய் திறக்கும்.

சாருஜாக்கா சோம்பேறி இல்லை. நீங்கள் விட்ட முதல் பிழை அப்படி நினைத்ததுதான். சோம்பேறி படுத்துக்கிடப்பான். அக்காவோ, உங்களிடம் வருவதற்கு எழுதவேண்டிய ஜேர்மன் சோதனைக்குப் படிக்கவேண்டும் என்றவுடன் நாலு பேரின் வேலையைச் செய்வாள். குசினிச் சுவரில் படிந்த புகையைத் தேய்த்துக் கழுவுவாள். அம்மாவின் சேலைகளை நிறம் பார்த்து அடுக்குவாள். அது பிடிக்காமல், எந்தச் சேலை எந்தக் கலியாணவீட்டுக்கு உடுத்தது என்று பார்த்துத் திரும்ப அடுக்குவாள். வேலை செய்ய அவளுக்குப் பஞ்சியோ சோம்பலோ கிடையாது. அந்த ஒரு வேலையில் தோற்றுவிடுவேனோ என்று பயம். தொடங்காமல் இருக்கும்வரை தோற்கவும் மாட்டாள் அல்லவா. அவளுடைய அந்தப் பயத்தால் எங்கள் கோழிகளுக்கு நீலப் பெயின்ற் அடித்த வீடு கிடைத்தது.

இதை நான் எங்கும் படிக்கவில்லை. பத்தாம் வகுப்பில் வரவு கூப்பிடும்போது என் குரல் வெளியே வராது. பின்வரிசை வாங்கில் இருப்பவர்கள் எனக்காக "வந்திருக்கிறா ரீச்சர்" என்று சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். ஒரு திங்கட்கிழமை, அடுத்த திங்கள் போவோம் என்று வீட்டில் நின்றேன். நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டதாக ஊரில் சொல்கிறார்கள். விடவில்லை. அந்தத் திங்கட்கிழமை இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

அதன் பிறகு அக்காதான் எனக்கு வாய். கடையில் தேயிலை கேட்பதும், பஸ்ஸில் "இறக்கம்" என்று கத்துவதும், வந்த ஆட்களுக்கு என் பெயர் ஆரபி என்று சொல்வதும் அவள்தான். நீங்கள் அவளுக்குத் தாலி கட்டி, எங்கள் வீட்டில் சில நாட்கள் புட்டுச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனபோது எனக்கு உங்கள்மீது கோபம் எதுவும் இருக்கவில்லை. என் வாயை விமானத்தில் ஏற்றப்போகிறீர்கள் என்பது மட்டும் விளங்கியது.

இணுவிலில் எங்கள் வீட்டைப் பார்த்திருக்கிறீர்கள். மாடி கட்டுவதற்கு முன்னால் அப்பா படிக்கட்டை மட்டும் கட்டிவிட்டுச் செத்துப்போனார். அந்தப் படிக்கட்டு வானத்தில் போய் முடிகிறது. அக்கா அதில் இருந்துதான் படித்தாள். நான் ஒரு படி கீழே இருந்து அவளுக்கு ஊக்கம் கொடுத்தேன். அம்மா மூக்குக்கண்ணாடி மாற்றுவதை நெடுநாளாகத் தள்ளிக்கொண்டு வந்தபடியால், நாள் பார்த்துச் சொல்லும் வேலை என்னிடம் வந்திருந்தது. ஆணியில் இரண்டு பஞ்சாங்கங்கள் தொங்கின. அம்மாவின் வழக்கத்துக்கு வாக்கியம், அப்பாவின் வழக்கத்துக்குத் திருக்கணிதம். இரண்டும் எப்போதும் ஒத்துப்போகாது. ஒன்றில் அட்டமி எழும்பிப் போன பிறகும் மற்றதில் அது கால்நீட்டி இருந்துகொண்டிருக்கும். ஒன்று நல்லநாள் என்று சொன்னால் நான் மற்றதைப் புரட்டுவேன். நான் பொய் சொல்லவில்லை, அத்தான். எல்லாம் அச்சில் இருந்தது.

அக்கா புத்தகத்தை விரிப்பாள். நான் கீழிருந்து கேட்பேன்.

"இண்டைக்கோ தொடங்கப்போறாய்? நவமியெல்லோ."

"உண்மையாவோடி?"

"திருக்கணிதப்படி."

"அப்ப விடு. நவமியிலை படிச்சா ஜேர்மன்காரனுக்கே விளங்காது," என்று புத்தகத்தை மூடுவாள். அப்போது அவள் முகத்தில் வரும் வெளிச்சத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். தள்ளிப்போடுகிறவர்களிடம் காரணம் நிறைய இருக்கும். மரியாதையான காரணம்தான் இருக்காது. அதை நான் கொடுத்தேன்.

உடனே ஸ்கூட்டியை எடுப்போம். கீரிமலைக் கடலில் கால் நனைப்போம். மாங்காயை உப்பும் தூளும் தொட்டுத் தின்று, உறைப்பில் நாக்கை நீட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவோம். அட்டமிக்குக் கடல், நவமிக்கு ஐஸ்கிறீம் என்று ஒரு வழக்கமே வந்துவிட்டது. பஞ்சாங்கத்தில் கூடாது என்று போட்ட நாட்கள்தான் என் வாழ்க்கையில் மிக நல்ல நாட்கள். இடையில் நல்லநாளும் வரும். அன்றைக்கு முறைப்படி முதல் பாடத்திலிருந்து தொடங்குவோம். "இஹ் ஹைஸ சாருஜா." என் பெயர் சாருஜா. அதைக் கோழிகளுக்கும் சொல்லிக்கொடுத்தோம். இரண்டாம் பாடத்தில் என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

சோதனைக்கு நீங்களே அவளுடைய பெயரைப் பதிந்தீர்கள். கொழும்புக்கு வியாழக்கிழமை போகவேண்டி வந்தது. அக்கா பை அடுக்கினாள். வியாழன் தெற்கே சூலம், அந்தத் திசையில் பயணம் கூடாது என்று நான் வாசித்தேன்.

"அதுக்குப் பரிகாரம் இருக்குப் பிள்ளை," என்றார் அம்மா. "கொஞ்சம் நல்லெண்ணெய் தலையிலை வைச்சிட்டுப் போகலாம்."

அக்காவின் முகம் வாடிவிட்டது. போகலாம் என்று சொன்னதால் வாடிய முகம் அது. அதைக் கவனித்தவள் நான் ஒருத்திதான். மற்றப் பஞ்சாங்கத்தைப் புரட்டினேன்.

"கரிநாளும்தானே அம்மா."

அம்மா நெஞ்சில் கைவைத்தார். அக்கா பாடிக்கொண்டு பையிலிருந்த உடுப்புகளை வெளியே எடுத்தாள். பரிகாரம் உள்ள தோஷங்களை நான் அதன் பிறகு நம்பியிருக்கவில்லை. நீங்கள் அந்தக் கேள்வியைக் கேட்டது அடுத்த கிழமை.

இனி உங்கள் அம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும். கேதீஸ்வரி மாமி எதையும் தள்ளிப்போடாதவர். நெஞ்சு வருத்தம் கூடிப் படுக்கையில் விழுந்தபோதும் தள்ளிப்போடாமல் அளவெட்டியிலிருந்து எங்கள் அம்மாவின் கைபேசிக்கு அழைப்பு எடுத்தார். அம்மாவின் கண்ணுக்கு எழுத்துத் தெரியாதபடியால் அதுவும் என்னிடம்தான் இருந்தது.

"ஆர், சின்னவளோ? அக்காவை ஒருக்கா வந்திட்டுப் போகச் சொல்லு மோனை. எனக்கு இந்தமுறை ஏலாமல் கிடக்கு. அவளை இருத்திவைச்சு ரெண்டு கதை சொல்லவேணும்."

"ஓம் மாமி. நாளைக்கு வருவா."

அந்த இரண்டு கதை என்னவென்று எனக்குத் தெரியும். பயப்பிடாமல் சோதினையை எழுதிப்போட்டு என்ரை பிள்ளையிட்டைப் போ என்பார். மாமி சொன்னால் அக்கா எழுதிவிடுவாள். மாமியிடம் எந்தப் பஞ்சாங்கமும் எடுபடாது.

அடுத்தநாள் செவ்வாய். வடக்கே சூலம். அளவெட்டி எங்களுக்கு வடக்கு. ஆகவே அக்காவிடம் சொல்லவில்லை. நான் மறைக்கவில்லை, அத்தான். தள்ளிப்போட்டேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் என்னைவிட யாருக்குத் தெரியும்.

மாமி திரும்ப எடுத்தார். "இண்டைக்கும் காணேல்லை?"

"சோதினைக்கு விழுந்து விழுந்து படிக்கிறா மாமி. முடிஞ்ச உடனை வாறாவாம்."

"படிக்கட்டும், படிக்கட்டும். அதுமட்டும் நான் கிடப்பனோ தெரியாது," என்று சிரித்தார். நானும் சிரித்தேன். இதையும் பொய் என்று சொல்லமுடியாது. முதல் பாடத்தை அந்தக் கிழமையும் தொடங்கியிருந்தோம்.

மாமி ஒவ்வொரு நாளும் எடுத்தார். அவரோடு கதைக்கும்போது எனக்கு வெட்கம் வருவதில்லை. அது எனக்கே புதினமாக இருந்தது. என்ன கறி என்று கேட்பார். கோழிகளின் நீல வீட்டைப் பற்றிச் சொன்னேன். இருமி இருமிச் சிரித்தார். மணி அடிக்கும் நேரம் பார்த்து நான் கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பேன். கடைசியில் "அப்ப நாளைக்கோ?" என்பார். "நாளைக்கு மாமி" என்பேன். பிறகு ஒரு காலையில் மாமியின் எண்ணிலிருந்து வேறு குரல் வந்தது.

அன்று நான் பஞ்சாங்கத்தைத் தொடவில்லை. செத்தவீட்டுக்கு யாரும் நாள் பார்ப்பதில்லை.

நீங்கள் வந்து இறங்கி, எல்லோருக்கும் முன்னால் அக்காவிடம் கேட்டீர்கள். "அம்மா கடைசிமட்டும் வாசல் படலையைப் பாத்துக்கொண்டு கிடந்தவ. உமக்கு ஒரு நடை வந்து பாக்க மனம் வரேல்லையோ?"

அக்கா அழுதாள். மாமியைப் போய்ப் பார்க்கவேண்டும் என்று அவளும் நினைத்து நினைத்துத் தள்ளிக்கொண்டுதான் இருந்தாள். குற்றம் முழுவதும் தன்னுடையது என்றே நம்பினாள். நான் திருத்தவில்லை. அழுகிறவர்களுக்கு இடையில் பேசுவது சரியில்லை.

மாமியின் அந்தியேட்டிக் கிரியை முடிந்ததும் நீங்கள் போனீர்கள். உங்கள் அழைப்புகள் குறைந்தன, பிறகு நின்றன. விவாகரத்தைப் பற்றிக் கதைக்க உங்கள் சித்தப்பா வந்தார். தேத்தண்ணீர் கொடுத்தேன். என் மனம் காற்றடித்த பலூன்போல இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இனி அக்கா எங்கும் போகமாட்டாள். ஆனால் அவள் கடலுக்கும் வரவில்லை. நவமி என்று சொன்னால் "ம்" என்பாள். குசினிச் சுவரில் திரும்பவும் புகை படிந்தது. தள்ளிப்போடுவதற்கு ஒரு வேலை வேண்டும். அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை.

இன்று மத்தியானம் பஞ்சாங்கம் பார்த்தேன். கரிநாள். மற்றதையும் பார்த்தேன். அதிலும் கரிநாள். இரண்டும் இப்படிக் கைகோத்து நின்றதைக் கண்டு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா படிக்கட்டில் இருந்தாள்.

"ஆரபி," என்றாள். "மாமி என்னை ஒருக்காலும் தேடேல்லையோடி? ஒரு கோல் எண்டாலும் எடுத்திருக்கலாமெல்லோ."

"எடுத்தவ," என்றேன்.

"எப்ப?"

"ஒவ்வொரு நாளும்."

நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். என் நாக்கு நிற்கவில்லை. செய்யவேண்டிய ஒன்றை அன்றே செய்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. வாயைத் திறந்தால் போதும் என்று யாராவது எனக்கு முன்பே சொல்லியிருக்கலாம். நவமி, சூலம், மாமியின் சிரிப்பு, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். உடம்பு அவ்வளவு லேசாக இருந்தது. மேல்படியில் நின்றிருந்தால் பறந்திருப்பேன். நல்லெண்ணெய்க் கதைக்கு அக்கா சிரிப்பாள் என்று எதிர்பார்த்து, நானே முதலில் சிரித்தேன்.

அக்கா எழும்பினாள். ராகுகாலம் தொடங்கிவிட்டது என்று சொன்னேன். அலுமாரியைத் திறந்து, மடிக்காமல், அடுக்காமல், உடுப்புகளைப் பைக்குள் அமுக்கினாள். மேலே ஜேர்மன் புத்தகத்தை வைத்தாள். ஒரு தூசியைக்கூடத் துடைக்கவில்லை.

"ஆர் இந்த நேரத்திலை வெளிக்கிடுறது?" என்று குசினியிலிருந்து அம்மா கேட்டார்.

ஆகவே, அத்தான், உங்கள் கேள்விக்கு மறுமொழி மட்டுமல்ல, மருந்தும் கண்டுபிடித்துவிட்டேன். நீங்கள் தூரத்திலிருந்து எவ்வளவு சொல்லியும் அசையாத ஒருத்தியை நான் ஒரே நாளில் புறப்பட வைத்தேன். இதை உங்களுக்கு அனுப்பத்தான் எழுதுகிறேன். படித்தால் நீங்கள் அக்காவோடு கதைப்பீர்கள், எல்லாம் சரியாகிவிடும் என்று தெரியும். நாளைக்கு அட்டமி. அது கழியட்டும்.

படலையடியில் அக்கா செருப்பைக் கொழுவினாள். வீட்டைவிட்டு இறங்கும்போது எங்களில் யாரும் போறன் என்று சொல்வதில்லை. போட்டு வாறன் என்போம். ஒழுங்கை முனைக்குத் தேயிலை வாங்கப் போனாலும் அவள் அதைச் சொல்லாமல் போனதில்லை. நான் வானத்தைத் தொடும் கடைசிப் படியில் ஏறி நின்று காத்திருந்தேன். அவள் ஒரு சொல்லும் சொல்லாமல், திரும்பிப் பார்க்காமல் நடந்து, ஒழுங்கையின் வளைவில் மறைந்தாள். அவளை எனக்குத் தெரியாதா. அதை நாளைக்குச் சொல்வாள்.