கெண்டைக்கால் வலிக்கு

மெக்னீசியம் மாத்திரை நல்ல மாத்திரைதான், இன்ஸ்பெக்டர் ஐயா. அதன்மேல் நான் பழி சொல்ல மாட்டேன்.

என் வீட்டுக்காரர் சலாவுதீன் சவூதியில், தம்மாமில் ஓட்டல் அடுப்படியில் நின்றே காலம் கழித்தவர். சங்கரன்கோவிலுக்குத் திரும்பியபோது எனக்கு அவரும் அவருக்கு நானும் விருந்தாளிகள் மாதிரி இருந்தோம். கேட்டதற்குப் பதில் சொல்வார், அவ்வளவுதான். ஆனால் தூக்கத்தில் கெண்டைக்கால் சுண்டி இழுத்துவிட்டால், "ஏட்டி ஆபிதா, ஓடி வா, உயிரு போவுது" என்று கத்துவார். காலை மடியில் வைத்து நீவிவிடுவேன். வலி இறங்கியதும் பேசுவார். அரபி முதலாளியைப் பற்றி, அங்கே தனியாகக் கழித்த பெருநாள்களைப் பற்றி. எனக்கும் ஒரு புருஷன் இருக்கிறார் என்று தோன்றியது அப்போதுதான்.

அவர் தங்கை மகபூப் பீவி மருந்துக்கடையில் விசாரித்து ஒரு டப்பா மெக்னீசியம் கேப்சூல் வாங்கிவந்தாள். சில நாளில் வலி நின்றது. பேச்சும் நின்றது.

கேப்சூலைத் திருகினால் இரண்டாகக் கழன்றுவிடும். பொடியைக் கொட்டிவிட்டு அரிசிமாவு அடைத்தேன். அரிசிமாவு யாரையும் கொல்லாது. வலி திரும்பி வந்தது, ஆனால் எப்போதாவதுதான்.

என் கால் வீக்கத்துக்கு டாக்டர் நீர் மாத்திரை கொடுத்திருந்தார். "அளவு மீறிராதீங்கம்மா. உடம்புச் சத்தெல்லாம் ஒண்ணுக்காப் போயிரும். காலு பிடிச்சு இழுக்கும், நெஞ்சும் படபடக்கும்" என்று எச்சரித்திருந்தார். அதைப் பொடித்து மாவோடு சேர்த்தேன். பிறகு தினமும் கூப்பிட்டார்.

சித்திரை வெயிலில் அவர் வற்றிப்போனதை மகபூப் பீவி கவனித்துவிட்டாள்.

"மதினி, அண்ணன் ஏன் இப்படிக் கருவாடாக் காயுதாவ? என்ன குடுக்கிய?"

"நீ வாங்கித் தந்த மாத்திரதான்" என்றேன். டப்பா அவள் வாங்கியதுதானே.

அதன்பின் நேரங்கெட்ட நேரத்தில் வந்தாள். தண்ணீர்ப் பானையை மோந்து பார்த்தாள். சோற்றை முதலில் என்னைத் தின்னச் சொன்னாள். தின்றேன். சோற்றில் ஒன்றுமில்லை.

கடைசியாகக் கூப்பிட்டபோது அவருக்குக் கை, தாடை எல்லாமே இழுத்தது. "ஏட்டி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ" என்றார். ஆட்டோ ஸ்டாண்டு தெருமுனையில்தான். ஆனால் ஆஸ்பத்திரியில் என்னை வெளியே நிற்கச் சொல்லிவிடுவார்கள். அதனால் போகவில்லை. காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

கல்லாக இறுகியிருந்த சதை மெல்ல இளகியது. என் கை பட்டால் அவருக்கு எப்போதும் அப்படித்தான், ஐயா. அன்று நானும் மனம்விட்டுப் பேசினேன். விடியும்வரை ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.