வாட்டமான இடம்

— (சிரிக்காதே. இப்ப சிரிச்சியோ, இந்த மனுஷன் அப்படியே கடல்ல குதிச்சிடுவார். கல்யாணம் பண்ணிக்கறீங்களான்னு கேட்டு முட்டி போட்டவர், முட்டியை எடுக்காமலேயே கப்பல் ஓரம் வரைக்கும் தவழ்ந்து வந்து, தண்ணி வடியற ஓட்டையில மூக்கை நுழைச்சிட்டு இருக்கார். உதட்டைக் கடிச்சுக்கோ. வேற எதையாவது நினை. நின்ன இடத்துலயே நில்லு.)

— மேடம், கொஞ்சம் நகர்ந்துக்கறீங்களா? வெளிச்சம் மறைக்குது.

— வெளிச்சம் இல்ல சார், வெயில். உங்க தலைக்கு நிழலா இருக்கட்டுமேன்னு நிக்கறேன்.

— ஓ! ரொம்ப தேங்க்ஸ். கரெக்டா சொல்லணும்னா, டப்பாவைத் தலைகீழாத் திறந்தது என் தப்பு. ஒத்துக்கறேன். ஆனா விழுந்த மோதிரம் விழுந்த இடத்துலதானே கிடக்கணும்? கடைசி பஸ்ஸைப் பிடிக்கற மாதிரி அப்படி ஓடுது!

— தளம் வாட்டமா இருக்கு சார். அதான் உருண்டுடுச்சு.

— அதைத்தான் கேக்கறேன். இவ்வளவு பெரிய போர்க்கப்பல். இத்தனை பீரங்கி. கட்டினவங்கள்ல ஒருத்தர் கையிலகூட ரசமட்டம் இல்லையா? இதோ, என் சட்டைப் பையில எப்பவும் இருக்கு. சுண்டு விரல் அளவு. கண்ணாடிக் குழாய்க்குள்ள ஒரு குமிழி. குமிழி நடுவுல நின்னா மட்டம். குழந்தைகூடப் பாத்துச் சொல்லிடும்!

— ஏய், இங்கயா இருக்கே! டிக்கெட் கிழிச்சு உள்ள விட்ட கூட்டமெல்லாம் கைடு எங்க, கைடு எங்கன்னு என் கவுண்டரைச் சுத்தி நிக்குது. நீ பாட்டுக்கு... ஆமா, இவர் ஏன் குப்புறப் படுத்திருக்கார்?

— அக்கா, மெதுவாப் பேசுங்க. சார் ஒரு பொருளைத் தேடறார்.

— கீழே அதிகாரிங்க அறையில பில்லியர்ட்ஸ் மேசைக்கு மட்டம் பாக்க வந்தவர், மேல வந்து எதைத் தொலைச்சார்? பந்தையா?

— மோதிரங்க.

— மோதிரமா? யாருக்கு மோதி... அட! அடடடா! கேட்டுட்டீங்களா சார்? கடைசியில கேட்டே கேட்டுட்டீங்களா? நான் ஏன் வாயைத் திறக்கப் போறேன். ஆனா ஒண்ணு, இவர் இவளைப் பாத்துப் பாத்து மாடிப்படியில தலையை இடிச்சுக்கிட்டப்பவே எனக்குத் தெரியும். ஏன்டி, நீ என்ன சொன்னே?

— இன்னும் ஒண்ணும் சொல்லலக்கா.

— பதில் வர்றதுக்குள்ள மோதிரம் போயிடுச்சுங்க.

— (நல்லவேளை உருண்டுச்சு. இல்லேன்னா என்ன சொல்லியிருப்பேன்? ஆமான்னா ஏன் ஆமா, இல்லேன்னா ஏன் இல்லே? கப்பலைப் பத்திக் கேட்டா கண்ணை மூடிட்டுச் சொல்லுவேன். என்னைப் பத்திக் கேட்டா எந்த மாடி, எந்தக் கதவுன்னே தெரியாது.)

— சரி, நீ கூட்டத்தைக் கவனி. நான் இவரோட சேர்ந்து தேடறேன்.

— இல்லக்கா. கால் மரத்துப் போச்சு. கொஞ்சம் பொறுத்து வரேன்.

— மரத்துப் போனா உதறு.

— உதறக் கூடாதுக்கா. சும்மா நின்னா தானா சரியாயிடும்.

— புது வைத்தியமா இருக்கே! சார், நீங்க ஓட்டைக்குள்ள கையை விட்டுப் பாத்தீங்களா?

— விட்டேங்க. விட்ட கை இன்னும் வரல. அதனாலதான் எந்திரிக்காம இருக்கேன்.

— அடக் கொடுமையே! இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?

— இவங்க முன்னாடி சொல்ல ஒரு மாதிரியா இருந்துச்சு.

— இருங்க, இழுக்கறேன். விரலை மடக்கிக்கங்க. ஒண்ணு, ரெண்டு... ம்! வந்துடுச்சு. பட்டன் ஒண்ணு உள்ள போச்சு. நல்ல சகுனம், ஜோடியா இருக்கட்டும் ரெண்டும்.

— மேடம், நீங்களே சொல்லுங்க. தினம் நூறு பேருக்கு விளக்கறீங்க. ஏன் இந்தத் தளம் இப்படி? கட்டினவன் மேல எனக்குக் கோபம் கோபமா வருது.

— அதாவது சார், இந்தத் தளம் நடுவுல உசந்து, ரெண்டு ஓரமும் தாழ்ந்து இருக்கும். கவிழ்த்து வச்ச தட்டு மாதிரி. நடுக்கடல்ல அலை மேல ஏறிக் கொட்டும். மட்டமா இருந்தா அந்தத் தண்ணி அப்படியே குளமா நிக்கும். கப்பல் ஆடறப்ப குளமும் சேர்ந்து ஆடும். எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கமே ஓடிப்போய் இன்னும் சாய்க்கும். அதனால வந்த தண்ணி வந்த வேகத்துல ஓரத்துக்கு ஓடி, நீங்க கையை விட்டீங்களே, அந்த ஓட்டை வழியா போயிடணும்.

— சரி, அது பக்கவாட்டுல. முன்னாடி பாருங்க, மூக்கு மாதிரி தூக்கிட்டு நிக்குதே, அது எதுக்கு?

— அது அலைக்கு முகம் கொடுக்க. முன்பக்கம் உசந்திருந்தாதான் அலைக்குள்ள முங்காம மேல ஏறும். நீளவாக்குல முன்னாடி உசரம், பின்னாடி உசரம், நடுவுல தாழ்வு. நீங்க எங்க ரசமட்டத்தை வச்சாலும் குமிழி நடுவுல நிக்காது சார்.

— கீழ, உள்ளுக்குள்ள இரும்புத் தளமும் ஓரத்துல சரியுதே. மேசையைக் கொண்டு போறப்பப் பாத்தேன். அங்க ஏது மழை, ஏது அலை?

— அது குண்டுக்காக. பக்கவாட்டுல பாய்ஞ்சு வர்ற குண்டு நேரா ஒரு தகட்டுல பட்டா துளைச்சிடும். சரிவா இருக்கற தகட்டுல பட்டா வழுக்கிட்டுப் போயிடும். சாஞ்சு நிக்கற எதுமேலயும் அடி முழுசா விழாது.

— இவளும் அப்படித்தான் சார். யார் என்ன கேட்டாலும் அது வழுக்கிட்டுப் போயிடும். நான் ஏன் வாயைத் திறக்கப் போறேன்.

— (அக்கா சும்மா சொல்லல. பதினஞ்சு வருஷமா என்மேல விழுந்ததெல்லாம் ஓரத்துக்கு ஓடி, எந்த ஓட்டையிலயோ போயிருக்கு. நல்லதும் போயிருக்கும்.)

— எங்க வீட்டுல இந்தக் கதையே கிடையாதுங்க. நானே பாத்துப் பாத்துப் போட்ட தரை. கரெக்டா சொல்லணும்னா, ஒரு கோலிகுண்டை எந்த மூலையில வச்சாலும் மறுநாளும் அங்கயேதான் இருக்கும். சமையலறை, படுக்கையறை, குளியலறை, எல்லாம் மட்டம்.

— குளியலறையுமா?

— அது முதல்ல.

— அப்ப குளிச்ச தண்ணி எங்க போகும்?

— அது... நிக்கும்.

— எவ்வளவு நேரம்?

— நாம தள்ளற வரைக்கும்.

— நாமளா?

— துடைப்பம் ஒண்ணுதான் இருந்துச்சு. போன வாரம் இன்னொண்ணு வாங்கி வச்சேன்.

— ஐயோ, சார்! மோதிரத்துக்கு முன்னாடி துடைப்பம் வாங்கின மாப்பிள்ளையை இப்பத்தான் பாக்கறேன். மட்டம்னா மட்டம், ரொம்ப மட்டம்!

— (சிரிக்காதே. ஆனா ரெண்டு துடைப்பம்! பக்கத்துல பக்கத்துல சாத்தி வச்சிருப்பாரா? உசரம் சரியா இருக்கான்னு குமிழி வச்சுப் பாத்திருப்பாரா? பாத்திருப்பார்.)

— இப்படித் தேடினா ஆகாது. ஒரு வழி இருக்கு. பையில பில்லியர்ட்ஸ் பந்து ஒண்ணு இருக்கு. நான் முட்டி போட்ட அதே இடத்துல இருந்து இதை விடறேன். எந்த வழியில இது போகுதோ அந்த வழியிலதான் மோதிரமும் போயிருக்கும்.

— (ஆண்டவா.)

— வேண்டாம் சார். பந்து கடல்ல விழுந்துடப் போகுது.

— பரவாயில்ல, சிவப்புப் பந்து, வேற இருக்கு. அக்கா, தள்ளிக்கங்க. விடறேன்... போகுது, போகுது... பலகையோட வரிசையிலயே போகுது... இப்பத் திரும்புது... அட, மேடம், உங்க செருப்புல முட்டி நின்னுடுச்சு.

— ஆமா சார்.

— உங்க கால் இல்லேன்னா நேரா ஓட்டைக்குப் போயிருக்கும். அப்ப மோதிரம் விழுந்தப்ப நீங்க இங்கயா நின்னுட்டு இருந்தீங்க?

— ஞாபகம் இல்ல சார். திடீர்னு முட்டி போட்டீங்களா, எனக்குப் படபடன்னு வந்துடுச்சு.

— அப்ப கடல்லதான் போயிருக்கு. கணக்கு அப்படித்தான் சொல்லுது.

— சார், உங்களுக்குக் கணக்கு வருது. கண்ணு தெரியல. நான் ஏன் வாயைத் திறக்கப் போறேன்.

— என்னங்க அக்கா?

— ஒண்ணுமில்ல. நானும் இதே தளத்துல ரொம்ப நாளா நடக்கறேன்னு சொன்னேன். அது இருக்கட்டும், உங்க கால் எப்படி இருக்கு? வந்த நாள்லேருந்து ஒரு பக்கமா இழுத்து இழுத்து நடக்கறீங்களே. கால் ஆணியா?

— இல்லீங்க. அது வந்து... அதைச் சொன்னா மேடம் தப்பா எடுத்துக்குவாங்க.

— சொல்லுங்க சார்.

— உங்க இடது தோள் கொஞ்சம் தாழ்வா இருக்கும். ஒரு விரல் அகலம். எல்லாருக்கும் தெரியாது. எனக்குப் பாத்தாலே தெரிஞ்சிடும், தொழில் அப்படி.

— (தெரியும். போட்டோக் கடைக்காரர்ல ஆரம்பிச்சு எல்லாரும் கண்டுபிடிச்சதுதான். அம்மா முதுகுல தட்டித் தட்டி நிமிர்ந்து நில்லு, நிமிர்ந்து நில்லும்பாங்க. நிமிர்ந்துதான் நின்னேன். என் நிமிர்வே அவ்வளவுதான்.)

— அதுக்காக ஒரு அட்டை வெட்டினேன். செருப்புக்குள்ள வைக்க.

— போதும் சார், நிறுத்துங்க! இவ என்ன மேசைக் காலா, முட்டுக் கொடுத்து நிமித்தறதுக்கு? கல்யாணம் பண்ணிக்கறதுக்கு முன்னாடியே மராமத்து வேலையா? ஏன்டி, நீ ஏன் சும்மா நிக்கறே? ரெண்டு வார்த்தை கேளு!

— வேண்டாங்க சார். எனக்கு அந்த அட்டை வேண்டாம்.

— ஐயோ, உங்களுக்கு இல்லீங்க! உங்க செருப்புக்குள்ள நான் எப்படிங்க வைப்பேன்? என் செருப்புல வச்சேன். வலது காலுல.

— உங்க செருப்புலயா?

— உங்க பக்கத்துல நடந்து வரப்ப, நீங்க அந்தப் பக்கம் சாய, நான் நெட்டுக்குத்தா நிக்க, ரெண்டு பேரும் வேற வேற கட்டடம் மாதிரி இருந்துச்சு. நானும் கொஞ்சம் இடது பக்கமாச் சாஞ்சா ஒண்ணாப் போற மாதிரி இருக்குமேன்னு வச்சேன். அதான் நடை கோணலாயிடுச்சு. இடுப்புகூட வலிக்குது. ஆனா பழகிட்டேன்.

— சார்...

— சொல்லுங்க அக்கா.

— ஒண்ணுமில்ல. கண்ணுல தூசி.

— மேடம், புரியுதுங்க. உங்க முகமே வாடிப்போச்சு. வாழ்க்கையில முதல் தடவையா ஒரு வாட்டம் எதனாலன்னு எனக்கு உடனே புரியுது.

— (உனக்கு ஒண்ணும் புரியல. இது அந்த வாட்டம் இல்ல. ஒருத்தன் எனக்காக நொண்டியிருக்கான், நானும் கால் ஆணின்னு நினைச்சு மருந்து சொல்லியிருக்கேன்.)

— சார், ஒண்ணு கேக்கறேன். அந்த பில்லியர்ட்ஸ் மேசை எப்ப முடியும்?

— முடியாதுங்க.

— முடியாதா?

— கப்பல் தண்ணி மேல மிதக்குது. காலையில நாலு காலுக்கும் முட்டுக் கொடுத்து மட்டம் பண்ணினா, தண்ணி ஏறி இறங்கறப்ப குமிழி ஓடிடும். அது முதல் நாளே தெரியும். கரெக்டா சொல்லணும்னா, முதல் நாள் பத்து நிமிஷத்துலயே.

— அப்புறம் எதுக்கு சார் தினம் தினம் வந்தீங்க?

— மத்த வேலைக்கெல்லாம் மட்டம் போட்டுட்டு வந்தேன்.

— கேட்டுக்கோ! மட்டம் பாக்கறவர் மட்டம் போட்டாராம்!

— சிரிங்க அக்கா. சிரிக்க வேண்டியதுதான். நான் கிளம்பறேன். என்னை மாதிரி ஆளு இந்தத் தளத்துல நிக்கவே கூடாது. மேடம், நான் கேட்டதை மனசுல வச்சுக்காதீங்க. தண்ணி மாதிரி ஓட விட்டுடுங்க.

— கூட்டம் கத்துதுடி. நான் போகவா, இருக்கவா?

— இருங்கக்கா.

— ஒரே ஒரு உதவி மட்டும் மேடம். மோதிரம் எங்கயாவது, என்னிக்காவது கிடைச்சா, திருப்பிக் குடுத்துடுங்க.

— இல்ல சார். தர மாட்டேன்.

— கிடைச்சாதாங்க சொன்னேன்.

— கிடைச்சு ரொம்ப நேரமாச்சு. உருண்டு வந்தப்பவே மிதிச்சுட்டேன். உங்க வீட்டுத் தரையா இருந்தா விழுந்த இடத்துலயே கிடந்திருக்கும். இங்க விழுந்ததால என்கிட்ட வந்துச்சு.

— அடிப்பாவி! பந்து முட்டினப்பவே நினைச்சேன்! எடுடி காலை!

— நிஜமாவா? மேடம்... காலை எடுங்களேன், ஒரு தடவை பாத்துக்கறேன்.

— மாட்டேன் சார். வாட்டமான இடம். எடுத்தா நழுவிடும்.