வயர் கழட்டின கை

இல்ல தம்பி, பல்லி எண்டு சொல்லி முடிச்சிடாதீங்க. எண்ணிப் பாப்பம். போன புதன்கிழமை இந்த வீட்டுக்குள்ள இருந்தது அஞ்சு பேர். ஒண்டு நான். ரெண்டு என்ட பொஞ்சாதி சித்தி லெய்லா. மூண்டு மகள் ஸுஹைரா. நாலு பக்கத்து வீட்டு ஆசியா உம்மா, எங்கட கிரைண்டர்ல கொச்சிக்கா அரைக்க வந்தவ. அஞ்சாவது ஆள் நீங்க. ஸப்ராஸ், தில்லையடியில கரண்ட் சாமான் பழுது பாக்கிற கடை. சரிதானே?

அஞ்சு பேர். பல்லிய ஆறாவதா சேக்கச் சொல்றீங்களா? பல்லி அடுப்புக்குள்ள போயிருந்தா புழுக்கை கெடக்கணும். நான் டோர்ச் அடிச்சுத் தேடின. ஒரு புழுக்கை இல்ல.

கழட்டுங்க, கழட்டுங்க. ஸ்குரூ ஆணிய இந்த மூடியில போடுங்க. எட்டு ஆணி. நான் கதைச்சிக்கிட்டு இரிக்கிறது உங்களுக்கு இடைஞ்சல் இல்லதானே? நான் கனக்கக் கதைக்கிற ஆளில்ல தம்பி. ஆக்கள்ட மூஞ்சியப் பாத்துக் கதைக்க எனக்கு வராது. அதான் அடுப்பப் பாத்துக் கதைக்கிறன். முப்பத்தொரு வருசம் உப்பளத்துல மூட்டை எண்ணின. மூட்டை திருப்பிக் கதைக்காது. நல்ல சாமான்.

இந்தக் கரண்ட் அடுப்பு மகன் நளீம் கத்தார்ல இருந்து கொண்டு வந்தது. ஒம்பது வருசம். ரெண்டு சட்டி வைக்கலாம். வேற அடுப்பு வீட்டுல இல்ல. காஸ் வெடிச்ச கதையளக் கேட்ட நாள்ல இருந்து சித்தி லெய்லா சிலிண்டர வாசல் தாண்ட விடல்ல. அப்ப இது நிண்டா எங்களுக்குச் சோறில்ல, கடைப் பாண்தான்.

மொதல் தரம் பழுதானது ரெண்டு மாசத்துக்கு முந்தி. அது மெய்ப் பழுது. ரெண்டு நிமிசம் சுடும், பொறகு கீ கீ எண்டு கத்தும், முன்னுக்கு ஒரு இங்கிலீசு எழுத்து விழும், நிண்டுடும். நான் அஞ்சாம் வகுப்புத்தான். ஆனா நானும் பாத்த. பிளக்கை வேற இடத்துல குத்திப் பாத்த. காந்தம் ஒட்டாத சட்டி இதுல சுடாதாமே, காந்தத்த எடுத்துச் சட்டிட அடியில வச்சுப் பாத்த, ஒட்டிச்சு, சட்டியில பிழை இல்ல. கீழ காதை வச்சுக் கேட்டா ஃபேன் சத்தம் இல்ல. அப்பதான் உங்களக் கூப்பிட்ட. களப்புல இருந்து வாற உப்புக் காத்துக்கு ஃபேன் இறுகிட்டு எண்டு நீங்க சொல்லி, கழட்டித் தொடச்சு, எண்ணெய் விட்டு, பூட்டித் தந்த. நாப்பது நிமிசம். நல்ல வேலை. நான் பக்கத்துலயே நிண்டு பாத்த.

ரெண்டாந்தரம் பதினெட்டு நாளால. அதே கத்தல், அதே எழுத்து. நீங்க வந்து தூசு எண்டு சொன்ன. மூண்டாந்தரம் அதுக்குப் பொறகு ரெண்டு கிழமையில. கரண்ட் ஏறி இறங்கினதாம். நாலாந்தரம் புதன்கிழமை. பல்லி. தூசு, கரண்ட், பல்லி. மூண்டு தரம், மூண்டு காரணம். வேலை மட்டும் ஒண்டு. நீங்க உள்ளுக்குக் கைய விட்டா டிக் எண்டு ஒரு சத்தம் கேக்கும், அடுப்பு சரி. டிக் எண்ட சத்தத்துக்கு ஒண்டேகால் மணித்தியாலம் எடுத்த.

அங்க என்ன பாக்கிறீங்க? குசினித் திரையா? அது காத்து. திரைக்கு அங்கால இண்டைக்கு ஒருத்தரும் இல்ல. உம்மாவும் மகளும் காலம பஸ்ஸுல கற்பிட்டிக்குப் போயிட்டாங்க, அவட சாச்சிய பாக்க. நான்தான் அனுப்பின. நீங்க ஆணியப் பாருங்க. அஞ்சு வந்திட்டு, இன்னம் மூண்டு.

கோவிக்காதீங்க, மொதல்ல நான் சந்தேகப்பட்டது உங்களத்தான். திரும்பவும் கூப்பிடட்டும் எண்டு வயர அரைகுறையாப் பூட்டிட்டுப் போறீங்களோ எண்டு நெனச்ச. அதனால மூண்டாந்தரம் நீங்க போன பொறகு ஒரு வேலை செஞ்ச. அடுப்பக் கவிழ்த்து, ஒவ்வொரு ஆணித் தலையிலயும் தகரத்துலயும் சேத்து, ஸுஹைராட தையல் சோக்கால ஒரு கோடு கிழிச்ச. எட்டு ஆணி, எட்டுக் கோடு. ஆரும் திருப்பினா கோடு விலகும். புதன்கிழமை எட்டரைக்கு அடுப்பக் கவிழ்த்துப் பாத்த. எட்டும் விலகியிருந்திச்சு. நீங்க வந்தது பதினொரு மணிக்கு. அப்ப நீங்க இல்ல. உங்களுக்கு நான் ஒரு மன்னிப்புக் கேக்கணும். கேட்டாச்சு எண்டு வச்சுக்கொள்ளுங்க.

பொறகு ஆரு? சித்தி லெய்லாக்கு முழங்கால் மடங்காது, அடுப்பக் கவிழ்க்கிற ஆள் இல்ல. ஆசியா உம்மாவோ கரண்ட் அடுப்பு எண்டா மூண்டு முழம் தள்ளி நிப்பா. அவட வாய்தான் கிட்ட வரும். புதன்கிழமை கொச்சிக்காய அரைச்சிக்கிட்டே என்னட்டக் கேக்கிறா, உங்கட அடுப்புக்கு அப்படி என்ன வருத்தம், மாசத்துல ரெண்டு தரம் டாக்குத்தர் வாறாரே எண்டு. அவ அடுப்பக் கேக்கல்ல தம்பி. விளங்குதா? வீட்டுல இரிக்கிறது முடிக்காத கொமர் இல்ல, கலியாணம் முடிச்சுக் குடுத்து, நாலாம் வருசம் திரும்பி வந்த புள்ள. அவளப் பத்தி ஊர் ஒரு சொல்லுச் சொன்னா, அதக் கழுவ இந்தக் களப்புத் தண்ணி காணாது. அதான் நான் கண்டுபிடிக்கணும் எண்டு நிண்ட.

ஓம், அவ இல்ல எண்டுதான் நானும் நெனச்ச. இரிங்க.

மொதல் தரம் நீங்க வந்தப்ப திரைக்கு அங்கால இருந்து என்ன வந்திச்சு? பிளேன்டி. நான்தான் வாங்கித் தந்த. ரெண்டாந்தரம் பால் டீ. மூண்டாந்தரம் பால் டீயும் பெட்டிஸும். புதன்கிழமை வட்டிலாப்பம், முட்டை அடிச்சு அவிக்கிற சாமான். இப்ப கேளுங்க. செவ்வாய்க்கிழமை ராவு கூடையில பதினொரு முட்டை. புதன் சுபஹுக்கு நான் பள்ளிக்குப் போகக்குள்ளயும் பதினொண்டு. பள்ளி முடிஞ்சு, மீன் கடைக்கும் போயிட்டு எட்டு மணிக்கு வந்தா, வாப்பா அடுப்பு நிண்டுட்டு எண்டு சொல்றா. கூடையில அஞ்சு முட்டை. ஆறு முட்டை எங்க போன? உங்களுக்கு முன்னால தட்டுல போன. நல்லா ஆறி, கத்தி வச்சு வெட்டின மாதிரி. அடுப்பு நிண்ட வீட்டுல வட்டிலாப்பம் எப்படி அவிஞ்ச? அடுப்பு பழுதாக முந்தியே, பழுது பாக்க வாற ஆளுக்கு வட்டிலாப்பம் ரெடி.

நீங்க ரெண்டு துண்டு திண்ட. மூண்டாவத வேணாம் எண்டு சொல்லிட்டுத் திரையப் பாத்த.

அவ தையல் மெஷின் லாச்சியத் திறந்து பாத்த. சின்ன ஸ்குரூ டிரைவர், நுனியில சோக்குத் தூள். போதும் எனக்கு. லாச்சிய மூடிட்டு வந்து கதிரையில இருந்த. ஏச வேணும் எண்டுதான் இருந்த. அல்லாஹ் மேல ஆணை, வாயத் திறந்தும் பாத்த. அப்ப குசினிக்குள்ள ஒரு சத்தம். அவ பாத்திரம் கழுவிக்கிட்டு தனியச் சிரிக்கிறா. அந்தச் சிரிப்பு இந்த வீட்டுல நான் கேட்டு மூண்டு வருசமும் ஏழு மாசமும். வாய மூடிட்டன்.

பொறகு உங்களப் பத்தி விசாரிச்ச. ஓம், தில்லையடிக்குப் போன. உங்கட பள்ளியில லுஹர் தொழுத, நாலு பேருட்டக் கேட்ட. உம்மா சாரா உம்மா. வாப்பா மவுத்து. ரெண்டு தங்கச்சிமாரையும் குடுத்து முடியும் வரைக்கும் தான் கலியாணம் முடிக்க மாட்டன் எண்டு நிண்ட ஆள், முப்பத்தஞ்சு வயசு, சின்னவளுக்கும் இந்த வருசம் முடிஞ்சிட்டு. பொய் சொல்ற ஆளில்ல எண்டு நாலு பேரும் சொன்னாங்க. எனக்குச் சிரிப்பு வந்திச்சு. பல்லிக் கதைய அவங்க கேக்கல்ல.

அவளுக்காகத்தானே சொன்ன? தலையாட்டினா காணும்.

ஒண்டு கேக்கணும். அவ ஒருக்கா முடிச்சு, தலாக் வாங்கின புள்ள. அது உங்களுக்குத் தெரியுமா? தெரியுமா? ஆரு சொன்ன? அவளேவா? திரைக்கு அங்கால இருந்தா? ம். எங்களுக்கு அதப் பத்தி வாயே திறக்காதவ. சரி. சரி. பிழை சொல்ல வரல்ல.

உங்கட உம்மாவுக்கும் தெரியுமா? நல்லம்.

என்ன, கை நிண்டுட்டு? எட்டு ஆணியும் வந்திட்டா? ஓம், ஃபேன் வயர்தான், கழண்டுதான் கெடக்கு. வயர் பூட்டுற இடத்துல இரிக்கிற அந்தச் சின்ன நாக்க அமத்தாம இழுத்தா வராது எண்டு எனக்கு முந்தித் தெரியாது, நகம் கிழிஞ்சிட்டு. இந்தா பாருங்க.

இல்ல தம்பி, அவ இல்ல. இந்தத் தரம் அவ கழட்டல்ல. அவ சுபஹோட பஸ் ஏறிட்டா.

பூட்டுங்க. டிக் எண்டு கேக்கட்டும். ஆணிய நான் எண்ணித் தாறன். இனி அடுப்புச் சாட்டு வேணாம், ஆசியா உம்மாட வாய்க்கு நாம ஏன் தீனி போடணும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சு உங்கட உம்மாவக் கூட்டிக்கிட்டு முன் வாசலால வாங்க. சாமான் பெட்டி கொண்டு வராதீங்க. ஸுஹைராட்ட நான் ஒண்டும் சொல்லல்ல, நீங்களும் சொல்லாதீங்க, வட்டிலாப்பத்துக்கு முட்டை மட்டும் நான் வாங்கி வைக்கிறன்.

என்ன முழிக்கிறீங்க? கணக்கு விளங்கல்லயா? ரெண்டு மாசத்துல இந்த அடுப்பு நிண்டது அஞ்சு தரம். மொதலாவது உப்புக் காத்து. அடுத்த மூண்டும் அவ. மிச்சம் ஒண்டு. அது நான்.