ஆறாம் ரகம்

தண்ணியெல்லாம் வேணாம்மா. பேப்பரைக் குடு, போயிடறேன். எத்தனை தடவை கேக்கறது? என் ரத்தத்துல இருக்கற கிருமி எந்த ரகம், எங்கேருந்து வந்துச்சு. ரெண்டு வரி. கீழ உன் கையெழுத்து. சீல் இருந்தா குத்து.

பெரிய டாக்டர்கிட்ட கேக்கணுமா? எதுக்கு? மறைச்சவரே அவர்தானே.

சரி, உக்காரறேன். நீ இந்த லேபுக்கு வந்து ஆறு மாசம் இருக்குமா? நான் இதே ரூம்ல பத்தொன்பது வருஷம் ஆராய்ச்சி எலியைப் பாத்துக்கிட்டவன். சாகஸ் கிருமி லேசுப்பட்டதில்லம்மா. உள்ள போனா சத்தமில்லாம நெஞ்சைத் தின்னும். அதை உயிரோட வெச்சிருக்க, ரெண்டு வாரத்துக்கு ஒருதரம் ஒரு எலி ரத்தத்தை எடுத்து அடுத்த எலிக்கு ஏத்தணும். லீவு நாள்லயும் வந்து ஏத்துவேன். பெரிய டாக்டருக்கு ஆராய்ச்சி, எனக்கு எலிப்புழுக்கை. ஆனா மத்தியானம் ரெண்டு பேருக்கும் ஒரே டப்பா. என் பொண்டாட்டி அவருக்கும் சேத்துத்தான் கட்டுவா.

ஒருநாள் எலி உதறுச்சு. ஊசி என் கட்டைவிரல்ல இறங்கிடுச்சு. ஓடிப்போய்ச் சொன்னேன். கழுவிட்டு வேலையைப் பாருய்யா, வெளிய தெரிஞ்சா லேபை மூடிடுவாங்கன்னாரு. சரின்னு நான் வாயை மூடிக்கிட்டேன்.

மூணாவது வாரம் காய்ச்சல். ரத்தத்துல கிருமி. பழைய வீடு எதுலயாவது தங்கினியான்னு கேட்டாரு. மாமியார் வீட்ல ஒரு வாரம் இருந்தேன். மண் சுவரு, வெடிப்பு பூரா பூச்சி. இந்தக் கிருமியைச் சுமக்கற பூச்சியேதான். ஒண்ணு புடிச்சிட்டு வான்னாரு. நானே போய்த் தீப்பெட்டில போட்டுக் கொண்டாந்தேன். என் கையால.

அப்போ இந்தக் கிருமியை ரெண்டு ரகமாத்தான் பிரிச்சிருந்தாங்க. இந்த ஆறு ரகமெல்லாம் பின்னாடி வந்தது. கிருமியை டெஸ்ட் பண்ணி எடுக்கற போட்டோவுல ஒண்ணாம் ரகம்னா கோடு மேல நிக்கும், இன்னொண்ணுன்னா கீழ. நம்ம எலில வளத்தது கீழ்க்கோடு. இந்த வட்டாரத்துப் பூச்சி எதுலயும் அது கிடையாது. ஒரு போட்டோவைக் காட்டினாரு. இது உன்னோடதுய்யா, மேல நிக்குது பாரு, ஊசி இல்ல, உன் மாமியார் வீட்டுச் சுவருதான்னாரு.

நம்பினேன். பின்ன? கோடு பொய் சொல்லாதுன்னு எனக்குச் சொல்லிக் குடுத்தவரே அவர்தான். கோடு பொய் சொல்லலைதான். அது நான் தீப்பெட்டில கொண்டாந்த பூச்சியோட கோடு, என்னோடதுன்னு காட்டிட்டாரு.

இப்ப நீ வந்து ஃப்ரீசர்ல கிருமி வெச்சிருந்த பழைய குழாயெல்லாம் எடுத்து ரகம் பிரிச்சு, எனக்கு லெட்டர் போட்டு வரவெச்சிருக்க. என் நம்பர் போட்ட குழாய்ல ஆறாம் ரகம், அந்தப் பழைய கீழ்க்கோட்டுல ஒண்ணு. எலியோடதும் அதே, அச்சு அசல். அதோட போச்சா? அவர் நோட்டையும் காட்டின பாரு. என் நம்பர், தேதி, பக்கத்துல கீழ்க்கோடுன்னு அவர் கையெழுத்து. அன்னிக்கே தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சுகிட்டே மறுநாள் என் டப்பால கைய விட்டுச் சாப்பிட்டிருக்காரு. இன்னும் கொஞ்சம் வைய்யான்னு வேற.

நெஞ்சா? வீங்கித்தான் கிடக்கு. மாத்திரை முழுங்கறேன். அதுக்காக வரலை. கேஸ் போடவும் இல்ல, பயப்படாத. அவரைப் பாக்கவும் வேணாம். பாத்து என்னத்தைக் கேக்கறது?

எழுதறியா? நல்லா இரு. பெரிய எழுத்தா எழுதும்மா. ஆறாம் ரகம், லேப் எலிலேருந்து வந்ததுன்னு. மாமியார் வீட்டுப் பூச்சி இல்லன்னு தனியா ஒரு வரி போடு.

யாருக்கா? வீட்ல காட்டணும். இருபத்திரண்டு வருஷமா என் பொண்டாட்டியை அவ அம்மா வீட்டு வாசல மிதிக்க விடலை. என்னைக் கொன்ன வீடும்பேன். அந்தக் கிழவி பொண்ணைப் பாக்க வந்தாலும் கேட்டோட திருப்பி அனுப்பிடுவேன். போன மாசம் செத்துப் போச்சு. சாவுக்கும் இவளைப் போக விடலை. உன் லெட்டர் ஒன்பது நாள் கழிச்சுத்தான் வந்துச்சு.