இன்னாசி வாங்கிய எட்டு இன்ச் குழாய்

...அதனால, கல்யாண வீட்டுக்கு வந்தவங்களே, பந்தியில இலை விழறதுக்குள்ள சின்னதா ஒரு கதை சொல்லிடறேன். பிரியாணி வாசனை எனக்கும்தான் வருது... கொஞ்சம் பொறுங்க.

நம்ம குன்னூர்ல, கோயிலுக்குப் பின்னால மேட்டுல இன்னாசி இருக்காரே, தெரியும்ல? மலை ரயில் இன்ஜின்ல கரி அள்ளிப் போட்டவர். அவர்கிட்டயும் அவர் சம்சாரம் செசிலியம்மாகிட்டயும் கேட்டுட்டுத்தான் இதைச் சொல்றேன். அதோ, ரெண்டு பேரும் உக்காந்து சிரிக்கிறாங்க பாருங்க!

அவங்க வீடு பழைய வீடு. கூடத்துச் சுவர்ல குளிர் காயற கணப்பு. அதுக்கு மேல செங்கல் புகைபோக்கி. நம்ம குளிருக்குக் கணப்பு எரியாம முடியுமா? ஆனா செங்கல்ல விரிசல் விட்டு, புகை படுக்கையறைக்குள்ள கசிய ஆரம்பிச்சுடுச்சு. செசிலியம்மாவுக்கோ மூச்சு இழுப்பு. டாக்டர் சொல்லிட்டார், "புகை ஆகவே ஆகாதும்மா. வீட்டைச் சரி பண்ணுங்க. இல்லன்னா பனி முடியுற வரைக்கும் கீழ போய் இருங்க."

கீழன்னா எங்க? கோயம்புத்தூர்ல மகள் பிலோமி வீட்டுல. அங்க இன்னும் ஒருத்தர் படுக்கத்தான் இடம். அப்ப இன்னாசி? இங்க... தனியா.

மகள் ஒரு இரும்பு அடுப்பு வாங்கி அனுப்பினா. கணப்புக்குள்ளயே உக்கார்ற அடுப்பு, முன்னாடி கண்ணாடிக் கதவு. அதுல இருந்து புகைபோக்கிக்குள்ள உச்சி வரைக்கும் ஒரு ஸ்டீல் குழாய் விடணும். விட்டுட்டா, செங்கல்ல எத்தனை விரிசல் இருந்தா என்ன? புகை குழாயோட போயிடும்.

இன்னாசி கடைக்குப் போனார். கடைக்காரர் கேட்டார், "வாய் எத்தனை இன்ச்சுங்க?"

"யார் வாய்? எங்க வீட்டம்மா வாயா?"

"அடுப்போட வாய்ங்க! புகை வெளிய வர்ற வாய்."

"ஆறு."

"அப்ப குழாயும் ஆறு."

"எட்டு குடு."

"ஆறுதாண்ணே சரியா இருக்கும்..."

"தம்பி! ரயிலுக்கே புகை விட்டவன் நான். எனக்கே அளவு சொல்றியா? என் பொண்டாட்டிக்கு நெஞ்சு சரியில்ல. அவ வீட்டுப் புகை ஒடுங்கி நெளிஞ்சு போகக் கூடாது. ராஜாவாட்டம் போகணும். எட்டு!"

கவனிங்க... அந்த எட்டு இன்ச்சுல எவ்வளவு ஆசை!

ஆளுங்க கூரை மேல ஏறி, பாம்பு மாதிரி வளையற அந்தக் குழாயைக் கயிறு கட்டி உள்ள விட்டாங்க. கீழ இருந்து இன்னாசி சத்தம், "விடு... விடு... நிறுத்து!" உச்சியில மழைக்கு ஒரு தொப்பி. கீழ, ஆறையும் எட்டையும் சேர்க்க ஒரு கூம்பு. பத்த வச்சார்.

என்ன ஆச்சு? புகை மேல ஏறுச்சு... அகலமான குழாயைப் பார்த்துச்சு... "நமக்கென்ன அவசரம்"னு நின்னுடுச்சு. நின்ன புகை சூடு ஆறிப்போச்சு. ஆறின புகை மேல போகுமா? கதவைத் திறந்து விறகு வச்சதும் கூடத்துக்கே திரும்பி வந்துச்சு.

செசிலியம்மாவுக்கு இருமல்... இருமல்... போன்ல பிலோமி, "அம்மா, போதும். துணியை எடுத்து வைங்க. காலையில வண்டி அனுப்பறேன்."

அந்தம்மா பையில சேலையை மடிச்சு வைக்கிறாங்க. இவர் அடுப்பு முன்னாடி குந்திக்கிட்டு முனகறார், "எட்டும் பத்தலையோ... பத்து வாங்கியிருக்கணுமோ..."

செசிலியம்மா எழுந்து வந்தாங்க. "ஏங்க, ஊதாங்குழல் ஏன் ஒல்லியா இருக்கு?"

"ஒல்லியா இருந்தாத்தானே காத்து வேகமா..." பாதியில நிறுத்திட்டார்.

"ம்... சொல்லுங்க."

"அது சரி, என் இன்ஜின்ல புகைபோக்கி எவ்வளவு பெருசு தெரியுமா?"

"தெரியும். அங்க கீழ இருந்து நீராவி அடிச்சுத் தள்ளும். இங்க யாரு தள்றது? நானா?"

அவர் வாயைப் பிளந்துட்டார். "இதெல்லாம் உனக்கு யார் சொன்னா?"

"நல்லா கேட்டீங்க! கல்யாணம் ஆனதுல இருந்து சோத்துல கை வச்சா இன்ஜின் கதைதானே? இப்ப ஏத்தி விட்டா நானே ஓட்டுவேன்."

"அப்ப குழாய் வாங்கறப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க கேட்டீங்களா?"

...

காலையில வண்டி வந்துச்சு. அதுல ஏறிப் போனது யாரு? இன்னாசி! நேரா குழாய்க் கடைக்கு. சாயங்காலம் ஆறு இன்ச் குழாய்ல புகை சூடு ஆறாம சரசரன்னு மேல ஏறுச்சு. கூடத்துல பொட்டுப் புகை இல்ல. பையில இருந்த சேலையெல்லாம் பீரோவுக்குத் திரும்பிடுச்சு. பெரிய குழாய் இப்ப அவங்க தோட்டத்துல மழைத்தண்ணி கொண்டு போகுது, போய்ப் பாருங்க.

இதைப் புது மாப்பிள்ளைக்கு மட்டும் சொல்றேன்னு நினைக்காதீங்க. பின்னால உக்காந்திருக்கிற பழைய மாப்பிள்ளைகளே, உங்களுக்கும்தான்! இன்னாசிக்கு அன்பு குறைச்சலா? நிறைய. எட்டு இன்ச் அன்பு! ஆனா யாருக்காக வாங்கினாரோ, அவங்களை ஒரு வார்த்தை கேக்கல.

நம்ம பேச்சுல ஒரு அழகு இருக்கு. காதால கேட்டாலும் கேக்கறதுதான். வாயால கேட்டாலும் கேக்கறதுதான். ரெண்டுக்கும் ஒரே சொல்லு. ஏன் ஒரே சொல்லு? ஒண்ணை விட்டா இன்னொண்ணு நிக்காது... அதனாலதான்னு நான் நினைக்கிறேன்.

சாப்பிட்டு வீட்டுக்குப் போங்க. போனதும் உங்க வீட்டம்மாகிட்ட, "உனக்கு என்ன வேணும்?"னு கேளுங்க. கேட்டுட்டு உடனே எழுந்து கடைக்கு ஓடிடாதீங்க... உக்காருங்க... அவங்க சொல்லி முடிக்கிற வரைக்கும் கேளுங்க.