புழுதி ராணி, எங்கள் அண்ணி

மேடையில் வீற்றிருக்கும் பழைய பந்தய வண்டி ஓட்டுநர் சங்கத்தின் தலைவர் அவர்களே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் அண்ணன் அவர்களே! தந்தையின் கையை இறுகப் பற்றியிருக்கும் மகளே! ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு கண்ணைத் துடைக்கும் சகோதரிகளே! பூட்ஸில் மண்ணோடு உள்ளே வந்துவிட்டு, தரையைப் பார்த்துக் கூச்சப்பட்டு நிற்கும் பின்வரிசைத் தோழர்களே! கூச்சம் வேண்டாம். இந்தச் சங்கக் கட்டடத்தில் தரை சுத்தமாக இருந்தால், "இன்னைக்கு யாருமே ஓட்டலையா?" என்று கேட்டவர் அல்லவா எங்கள் அண்ணி! உங்கள் அனைவருக்கும் என் கைகூப்பிய வணக்கம்.

அழுகிறோம். அழத்தான் வேண்டும். லாரிப் பட்டறை நடத்துகிற முரடன் நானே வரும் வழியில் வண்டியை ஓரங்கட்டி அழுதுவிட்டுத்தான் வந்திருக்கிறேன். ஆனாலும் சொல்கிறேன், இங்கே நான் பேச வந்திருப்பது ஒரு வெற்றியைப் பற்றி. நோய் அவருடைய உடலை எடுத்துக்கொண்டது. அவர் வென்றதில் எதையாவது அதனால் திருப்பி எடுக்க முடியுமா? முடியவே முடியாது!

யார் இந்தப் புழுதி ராணி? பொய்ப்பல் செய்கிறவர். ஆமாம், பல் மருத்துவர்கள் அளவெடுத்து அனுப்ப, மெழுகில் அச்செடுத்து, உலோகம் வார்த்து, பல்வரிசை செய்து கொடுக்கிற தொழில். மண்மேடுகளில் தாவிப் பறக்கும் நம்முடைய மோட்டோகிராஸ் விளையாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான தொழில் உண்டா? இந்த அரங்கில் சிரிப்பவர்களில் பாதிப் பேர் அவர் செய்த பல்லால்தான் சிரிக்கிறீர்கள்! நம் தலைவரும் சிரிக்கிறார். பாருங்கள், எவ்வளவு அழகான வேலைப்பாடு!

வண்டி ஓட்டியது முதலில் அவர் இல்லை. அண்ணன்தான். இளம் வயதில் அண்ணன் மேட்டிலிருந்து வண்டியோடு எழும்பினால், கீழே நிற்பவர்கள் மூச்சை நிறுத்திவிடுவார்கள். பிறகு குடும்பம், வேலை, பொறுப்பு. வண்டி பழுதாகிப் பிரிக்கப்பட்டு, சாக்குகளில் கட்டப்பட்டு, மாடிப்படிக்கு அடியில் போய்விட்டது. அதற்கப்புறம் அண்ணனுடைய கண்ணில் நோய் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வை மங்கி, ஒரு கட்டத்தில் முழுவதும் போய்விட்டது.

அண்ணன் உள்ளறையில் நாற்காலியோடு நாற்காலியாக ஆகிவிட்டார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார். கேட்டால் பதில் சொல்வார். அவ்வளவுதான். நாங்கள் பார்க்கப் போனால், "எல்லாம் நல்லாருக்கு" என்று சுவர்ப் பக்கம் திரும்பிச் சொல்வார். என்ன செய்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை. எங்கள் அண்ணிக்குத் தெரிந்தது!

ஒருநாள் காலையில் அந்தச் சாக்குகளை இழுத்துவந்து, கூடத்தின் நடுவில் கவிழ்த்துக் கொட்டினார். வீடே அதிர்ந்தது.

"என்ன சத்தம் அது?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"உங்க வண்டிதான். கொட்டிட்டேன்."

"எடைக்குப் போட்டுத் தொலை."

"போடறேன். இரும்பு தனியா, அலுமினியம் தனியா போடணும்ல? எது எதுன்னு வந்து சொல்லுங்க."

அண்ணன் முனகிக்கொண்டே வந்து தரையில் உட்கார்ந்தார். ஒவ்வொன்றாக எடுத்து அவர் கையில் கொடுத்தார் அண்ணி. "இது கார்புரேட்டர். இது கிளட்ச் தட்டு. இது..." அண்ணனின் விரல்கள் தடவித் தடவிச் சொல்லிக்கொண்டே வந்தன. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அண்ணன் கத்துகிறார்: "அதை ஏன் அதோட போடறே? அது பின்சக்கரத்து நட்டு! கலந்துட்டேன்னா அப்புறம் வண்டியை எப்படிப் பூட்டறதாம்?"

கேட்டீர்களா தோழர்களே? எடைக்குப் போடச் சொன்ன மனிதர், வண்டியைப் பூட்டுவதைப் பற்றிப் பேசிவிட்டார்! "அந்தத் திட்டை வாங்கிக்கிட்டு சமையல்கட்டுக்குள்ள ஓடிப் போய் அழுதேன் தம்பி, சந்தோஷத்துல" என்று அண்ணி என்னிடம் சொன்னார்.

அன்று தொடங்கியது வேலை. அண்ணனுடைய கை, அண்ணியுடைய கண். உடைந்துபோயிருந்த சட்டத்தை நான் பற்றவைத்துக் கொடுத்தேன். எந்தக் கடையிலும் கிடைக்காத கார்புரேட்டர் மூடியை, பல் செய்கிற அதே மெழுகில் அச்செடுத்து அண்ணியே வார்த்தார். பல்லுக்கு மெருகேற்றும் சிறு சக்கரத்தால் எஞ்சினின் உட்புறத்தை மழமழவென்று தேய்த்தார். கிக்கரை உதைத்தால் அது திருப்பி உதைத்தது. காலில் வீக்கத்தோடு மறுபடி உதைத்தார். ஒரு பிற்பகலில் புகையைக் கக்கிக்கொண்டு எஞ்சின் உயிர் பெற்றது! அண்ணன் தலையைச் சாய்த்துக் கேட்டார். "காத்து அதிகமா இழுக்குது. ஸ்க்ரூவைக் கொஞ்சம் உள்ள திருப்பு." திருப்பினார். வண்டி சீராகப் பாடியது.

சரி, யார் ஓட்டுவது? நான் பெருந்தன்மையோடு முன்வந்தேன். "அண்ணி, நான் ஓட்டிக் காட்டறேன்" என்றேன்.

"வேர்வை எங்களுது, சவாரி உங்களுதா தம்பி? நகருங்க" என்றார்.

ஐம்பதைத் தாண்டியவர். ஸ்கூட்டரில் கடைக்குப் போய்வந்ததைத் தவிர வேறு பழக்கம் இல்லாதவர். விழுந்தார். எழுந்தார். மறுபடி விழுந்தார். முன்பல் ஒன்று போனது. மறுநாளே அவரே செய்து மாட்டிக்கொண்டு வந்து, "சொந்தக் கடைங்கறதால உடனே கிடைச்சிடுச்சு" என்றார். மகள் கதறினார்: "அம்மா, உன் வயசு என்னன்னு ஞாபகம் இருக்கா?" அதற்கு அவர் சொன்ன பதிலை இந்தச் சங்கமே அறியும். "எனக்கும் இந்த வண்டிக்கும் கிட்டத்தட்ட ஒரே வயசுடி. அது ஓடுது. நான் ஏன் நிக்கணும்?"

அண்ணன் வேலியோரம் நின்று காதாலேயே பாடம் நடத்தினார். "மேட்டுக்கு முன்னாடி ஆக்ஸிலேட்டரை விடறே. பயப்படறே" என்பார். "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்பார் அண்ணி. "எஞ்சின் சொல்லுது." அப்படியே அண்ணியும் கேட்கப் பழகினார். முன்னால் போகிற வண்டி எது, எவ்வளவு தூரத்தில் போகிறது, எந்தப் பக்கம் சாய்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார்.

அதன் பலன் எங்கே தெரிந்தது? பழைய வண்டிகளுக்கான ஆண்டுப் பந்தயத்தில் தெரிந்தது! மழை பொய்த்த வருடம் அது. ஓடுதளம் முழுக்கப் புழுதி. கடைசிச் சுற்றில் முன்னணியில் பறந்தவன் நான். கொஞ்சம் பின்னால் அண்ணி. பள்ளத்து வளைவுக்கு வந்தபோது, ஒரு சுற்றுப் பின்தங்கிய வண்டிகள் எங்களுக்கு முன்னால் கிளப்பிய புழுதி, சுவர் எழுப்பியதுபோல் நின்றது. ஒன்றும் தெரியவில்லை. நான் என்ன செய்தேன்? கண்ணை நம்பியவன் செய்வதைச் செய்தேன். ஆக்ஸிலேட்டரை விட்டேன். அவரோ அந்தப் புழுதிக்குள் வண்டிகள் வலப்பக்கம் போவதைக் காதால் கேட்டார். இடப்பக்கம் காலி என்று கண்டுகொண்டார். வேகம் குறையாமல் என்னைத் தாண்டிப் பாய்ந்தார்!

வேலியோரத்தில் அண்ணன் அதற்குள் குதிக்கிறாராம். "தாண்டிட்டா! தாண்டிட்டா!" பக்கத்தில் நின்றவர்கள், "எங்கேண்ணே? ஒண்ணுமே தெரியலையே!" என்று விழிக்கிறார்கள். புழுதிக்குள்ளிருந்து முதலில் வெளிப்பட்ட சக்கரம் யாருடையது? எங்கள் அண்ணியுடையது! முதல் இடத்தில் வந்தவர் யார்? எங்கள் புழுதி ராணி! தோற்றவன் நான். அந்தத் தோல்வியைச் சொல்லிச் சொல்லியே நான் பெருமைப்பட்டுக்கொண்டிருக்கிறேன்.

அத்தோடு நின்றாரா? கோப்பையை அண்ணன் கையில் கொடுத்து, "அடுத்தது உங்க முறை" என்றார். நாங்கள் விளையாட்டுப் பேச்சு என்று நினைத்தோம். என் பட்டறையில் கிடந்த இன்னொரு பழைய வண்டியைக் கேட்டு வாங்கி, இருவருமாகப் பூட்டி முடித்தார்கள். ஊருக்கு வெளியே உழுது போட்ட பெரிய வயல்வெளி. மரமில்லை, கல்லில்லை. காலையில் அங்கே எங்களையெல்லாம் வரச் சொன்னார்.

தான் சரிசெய்த தன் பழைய வண்டியில் அண்ணன் ஏறி உட்கார்ந்தார். "வேணாம். இறங்கிடறேன்" என்றார்.

அண்ணி பக்கத்து வண்டியில் இருந்தபடி அவர் தோளைத் தொட்டார். "நான் முன்னாடி போறேன். என் சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டு வாங்க. நான் திரும்பினா திரும்புங்க. விழுந்தா ரெண்டு பேரும் சேர்ந்து விழுவோம்."

புறப்பட்டார்கள். முதலில் மெதுவாக. பிறகு கொஞ்சம் வேகமாக. அவர் வலப்பக்கம் வளைந்தால் இவரும் வளைகிறார். அவர் நிமிர்ந்தால் இவரும் நிமிர்கிறார். வயலின் கோடிவரை போய்த் திரும்பியபோது அண்ணன் கால்தாங்கியில் எழுந்து நின்றுகொண்டு ஓட்டுகிறார்! பழைய பந்தயக்காரன் நிற்கிற அதே நிலை! வாய்விட்டுக் கத்திக்கொண்டு வருகிறார்! அப்பாவை அப்படிப் பார்த்த மகள், வயல் நடுவே மண்டியிட்டு அழுதார். அண்ணன் இறங்கியதும் கேட்ட கேள்வி, "இன்னும் ஒரு தடவை போலாமா?"

சகோதரிகளே, தோழர்களே! எத்தனை கோப்பைகள் இதற்கு ஈடாகும்?

அதன்பிறகுதான் ஞாயிற்றுக்கிழமைப் பெண்கள் வகுப்பு. தையல் வேலை செய்பவர், செவிலியர், வங்கி ஊழியர், பள்ளி ஆசிரியை என்று இங்கே ஹெல்மெட்டோடு அமர்ந்திருக்கும் நீங்கள் எல்லோரும் அவரிடம் எஞ்சினைப் பிரிக்கக் கற்றீர்கள், பூட்டக் கற்றீர்கள், மேட்டைப் பார்த்துப் பயப்படாதிருக்கக் கற்றீர்கள். நோயில் விழுந்த பின்னும் அவர் மாறவில்லை. அப்போது வகுப்பில் ஒரு பழைய வண்டி பாதி பூட்டியபடி நின்றது. மருத்துவமனைக்குக் கூட்டமாகப் போய் நின்றவர்களைத் திட்டி அனுப்பினார். "நான் படுத்திருக்கேன், சரி. வண்டி ஏன் படுத்திருக்கு? போய்ப் பிஸ்டனை மாட்டுங்க."

மறுவாரம் அவர் போய்விட்டார். அண்ணனும் மகளும் அருகில் இருந்தார்கள். அமைதியாகப் போனார் என்று மகள் சொன்னார்.

தாயே! எங்கள் சங்கத்தின் தாரகையே! புழுதி ராணியே! உங்களுக்கு நாங்கள் என்ன வாக்குக் கொடுக்கப் போகிறோம்? சிலை வைக்க மாட்டோம். வைத்தால் நீங்களே வந்து இடிப்பீர்கள். வகுப்பு ஒருவாரமும் நிற்காது. இது முதல் வாக்கு. பாதியில் நிற்கும் அந்த வண்டி வரும் ஆண்டுப் பந்தயத்தில் ஓடும். இது இன்னொன்று. யார் ஓட்டப்போகிறார் என்று தெரியுமா? இன்று காலை மகள் என்னிடம் வந்தார். "சித்தப்பா, அம்மா கூப்பிட்டப்பல்லாம் நான் வரமாட்டேன்னு சொன்னேன். இப்ப வரேன். அப்பா கத்துக் கொடுக்கறேன்னு சொல்லிட்டார்" என்றார். கைதட்டுங்கள்! இரங்கல் கூட்டத்தில் கைதட்டலாமா என்று யோசிக்காதீர்கள். தட்டுங்கள்!

என் பேச்சு முடிந்தது. ஆனால் யாரும் வீட்டுக்குக் கிளம்ப வேண்டாம். பின்கட்டில் பட்டறை திறந்திருக்கிறது. பெஞ்சின் மேல் அந்த வண்டியின் எஞ்சின் இருக்கிறது. அண்ணன் முதலில் வருகிறார், மகள் அவரைக் கூட்டிவருகிறார். நீங்களும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வாருங்கள்.